12 நாள் இங்கிலாந்து போய்வந்தால் மகளுக்கு இங்கிலீஷ் பேச வருமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாம் வகுப்பு. மார்க் நன்றாகத்தான் வாங்குகிறாள். ஆனால் யாராவது வந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை கேட்டால் அவள் அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். வரும் மே மாதம் பள்ளியில் 12 நாள் இங்கிலாந்து 'ஆங்கில முகாம்' கூட்டிப் போகிறார்கள். 3 லட்சத்து 40 ஆயிரம். அது முடியாதவர்களுக்கு 5 நாள் சிங்கப்பூர், 95 ஆயிரம். இந்த மாதக் கடைசிக்குள் 50 ஆயிரம் முன்பணம் கட்டவேண்டும். சீட்டு எடுத்தால் கட்டிவிடலாம். எங்கம்மா, "பொட்டப்புள்ளைய அத்தனை தூரம் தனியா அனுப்பறதா?" என்கிறார். போய்வந்தால் பேச்சு வந்துவிடுமா? எதற்கு அனுப்புவது நல்லது?

பதில்: 12 நாளில் இங்கிலீஷ் வராதுங்க. கூச்சம் போகலாம். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியதும் அதுதான் என்பதால், பயணம் சரியானதாக இருந்தால் பணம் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் நோட்டீஸில் 'ஆங்கில முகாம்' என்று போட்டிருப்பதெல்லாம் சரியான பயணம் ஆகிவிடாது.

முதலில் ஒரு கணக்கு. மொழித் திறனை ஏ1-லிருந்து சி2 வரை ஆறு படிகளாகப் பிரிப்பார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற ஏறக்குறைய 200 மணி நேரப் பாடம் வேண்டும் என்பது தேர்வு நடத்தும் கேம்பிரிட்ஜ்காரர்களின் மதிப்பீடு. 12 நாளில் போக வர, சனி ஞாயிறு, ஊர் சுற்றுகிற நாள் எல்லாம் கழித்தால் அதிகபட்சம் எட்டு நாள் வகுப்பு மிஞ்சும். தினம் காலை மூன்று மணி நேரம் என்றால் 24 மணி நேரம். 200 எங்கே, 24 எங்கே? பாடத்துக்காக மட்டும் என்றால் அதைக் கோயம்புத்தூரிலேயே இதில் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்துவிடலாம்.

அவளுக்குக் குறை பாடத்தில் இல்லை. 1985-இல் மெரில் ஸ்வெய்ன் என்ற கனடா ஆய்வாளர், வீட்டில் இங்கிலீஷ் பேசி, பள்ளியில் பாடங்களைப் பிரெஞ்சில் படித்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பல வருஷம் அப்படிப் படித்ததில் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் கெட்டி. பேசச் சொன்னால் மட்டும் பின்தங்கினார்கள். வகுப்பில் அவர்கள் காது திறந்திருந்த அளவுக்கு வாய் திறக்கவில்லை, அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்றார். நம் ஊர் இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வரும். எட்டு வருஷம் கேட்டாயிற்று, எழுதியாயிற்று. பேசுகிற அவசியம் மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

ஆக, எந்தப் பயணத்தையும் நான் ஒரே ஒரு கேள்வி வைத்துத்தான் அளப்பேன். ஒரு நாளில் எத்தனை நிமிஷம், டீச்சரும் தோழியும் பக்கத்தில் இல்லாமல், இங்கிலீஷ் பேசினால்தான் காரியம் நடக்கும் என்ற நிலையில் பிள்ளை நிற்கிறாள்?

சிங்கப்பூர் இந்தக் கேள்வியில் தேறாது. சில வருஷம் முன்பு ஒரு பள்ளிக் கூட்டத்தோடு நானும் போயிருந்தேன். கோவையிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அலுப்பே இல்லை. பஸ்ஸில் ஏறியதும் மைக்கைப் பிடித்த வழிகாட்டி, "வணக்கம் பிள்ளைங்களா" என்றார். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. தமிழ் அங்கே நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. சாப்பாடு, கடைவீதி எல்லாம் லிட்டில் இந்தியாவில். ஒரு பையன் சாவிக்கொத்து வாங்கப் போனான். மனசுக்குள் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், "எக்ஸ்கியூஸ் மீ, ஹவ் மச்" என்று ஆரம்பித்தான். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊருப்பா?" என்றார். "கோயமுத்தூருங்க." முடிந்தது. ஐந்து நாளில் அவன் இங்கிலீஷில் முழு வாக்கியம் பேசியது விமான நிலையத்தில் அதிகாரி கேட்டபோது மட்டும்தான்.

சிங்கப்பூர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே பள்ளிப் பாடமே இங்கிலீஷில்தான், சாப்பாட்டுக் கடை அக்கா "ஹேவிங் ஹியர்?" என்று கேட்பதற்கும், "கேன், கேன்" என்று தலையாட்டுவதற்கும் பதில் சொல்லப் பழகினால் அதுவும் நல்ல பயிற்சி. ஆனால் 40 பேர் வரிசையில் நின்று டீச்சரே எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுக்கும் பயணத்தில் அது நடக்காது. சுற்றிப் பார்க்க என்றால் ஒரு லீவில் குடும்பமாகப் போய்விட்டு வாருங்கள். அப்போது ஆர்டர் கொடுக்கும் வேலையை மகளிடம் விடுங்கள். பள்ளிப் பயணத்தைவிட அதில் அதிகம் பேசுவாள்.

இனி இங்கிலாந்து. இதில் மே மாதம் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான கோடை மொழி முகாம்கள் களைகட்டுவது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஸ்பெயின், இத்தாலி என்று பல நாட்டுப் பிள்ளைகள் வந்து சேருவார்கள். அப்படிப்பட்ட வகுப்பில் உங்கள் மகள் பக்கத்தில் ஓர் இத்தாலியப் பெண் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வேறு வழி கிடையாது. தப்போ சரியோ, இங்கிலீஷில்தான் பேசியாகவேண்டும். அவளுக்கும் தடுமாறும் என்பதால் வெட்கமும் சீக்கிரம் விட்டுப்போகும். மே மாதத்தில் அந்தக் கூட்டம் பெரும்பாலும் இருக்காது. நம் பிள்ளைகள் 30 பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வாத்தியார் மட்டும் வெள்ளைக்காரர். கடைசி பெஞ்ச் முழுக்கத் தமிழ். அதற்கு மூணே முக்கால் லட்சம் எதற்குங்க? (3.40 என்பது கடைசியில் மூணே முக்கால் ஆகும். கைச்செலவு, வீட்டுக்கு வாங்கிவரும் சாக்லேட்டு, புதுப் பெட்டி, கம்பளிச் சட்டை எல்லாம் நோட்டீஸில் வராது.)

அதனால் பள்ளியில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: வகுப்பில் வேறு நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்களா, எங்கள் பிள்ளைகள் மட்டுமா? மே மாதத்தில் ஒரு நன்மையும் உண்டு. கடைசி வார லீவு தவிர உள்ளூர்ப் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு பள்ளியில் இரண்டு மூன்று நாள் நம் பிள்ளைகளை ஆளுக்கொரு உள்ளூர் மாணவியோடு சேர்த்து உட்கார வைக்கிறார்கள் என்றால் முகாம் வகுப்பைவிட அது மேல். 'பள்ளியைப் பார்வையிடல்' என்று ஒரு மணி நேரம் மட்டும் போட்டிருந்தால் அது போட்டோவுக்கு.

இரண்டாவது, எங்கே தங்குவார்கள்? விடுதியில் நாலு தமிழ்ப் பிள்ளைகள் ஒரே அறை என்றால் சாயங்காலம் முழுக்க நம் ஊர்தான். அங்குள்ள ஒரு குடும்பத்தோடு வீட்டில் தங்குவது என்றால் பேச்சு தானாக வரும். நான் கூட்டிப்போன பிள்ளைகளில் ஒருத்திக்கு நடந்தது இது. முதல் நாள் அந்த வீட்டு அம்மா, "டீ அட் ஹாஃப் சிக்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆறில் அரை கழித்தால் ஐந்தரை, டீ குடிக்கக் கூப்பிடுகிறார் என்று இவள் கணக்குப் போட்டு, ஐந்தரைக்குத் தலைவாரி டைனிங் டேபிளில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தரும் வரவில்லை. எழுந்து போகவும் தயக்கம், கேட்கவும் தயக்கம். ஆறரைக்குத் தட்டு தட்டாகச் சோறும் உருளைக்கிழங்கும் வருகிறது! அங்கே பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கே 'டீ' என்றுதான் பெயர். 'ஹாஃப் சிக்ஸ்' என்றால் ஆறரை. மறுநாளிலிருந்து எது சொன்னாலும், "சாரி, யூ மீன்...?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தாள். அந்த ஒரு வார்த்தைதான் அவள் கொண்டுவந்த சொத்து. புரியாததற்குத் தலையாட்டுவதை நிறுத்தினால் பேச்சில் பாதி தூரம் தாண்டிவிட்டதாக அர்த்தம்.

சரி, உங்கள் அம்மாவின், அதாவது ஆத்தாவின் கவலைக்கு வருவோம். அவர் கேட்பது நியாயம். அதைப் பள்ளியிலும் தயங்காமல் கேளுங்கள். கூடப் போகும் டீச்சர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, பெயர் என்ன? பெயர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விசா கேட்கும்போது கூட வரும் பெரியவர் யார் என்று பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுக்கவேண்டும். விசா அந்தப் பெயரோடு கட்டுப்பட்டிருக்கும். 'யாராவது ஒரு டீச்சர் வருவாங்க' என்ற பதில் இங்கே செல்லாது. பெற்றோர் சம்மதக் கடிதமும், எங்கே யாரிடம் தங்குகிறாள் என்ற விவரமும் வேண்டும். பாடம் நடத்தும் நிறுவனம் பிரிட்டிஷ் கவுன்சிலின் 'அக்ரெடிட்டேஷன் யூகே' பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த அங்கீகாரம் உள்ளவர்கள் ஒரு வீட்டில் நாலு மாணவர்களுக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. வீட்டுக்காரர்களுக்குக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கே அதை 'டிபிஎஸ் செக்' என்பார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் ஏற்பாட்டாளர் முழித்தால் அவர் இதற்கு முன் பிள்ளைகளை வீடுகளில் தங்கவைத்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயம் இரண்டு வரியில். விசா மறுக்கப்பட்டால் விசா கட்டணம் திரும்ப வராது; மீதிப் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள், அது 3.40-க்குள்ளேயா வெளியேயா, யார் பான் எண்ணில் கட்டுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். உங்கள் பானில் ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

போவது என்று முடிவானால், போகும் முன் மூன்று மாதம்தான் முக்கியம். அந்த ஊர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் முதல் நாளே வரும் கேள்வி, "உன் அப்பா என்ன செய்கிறார்?" நம் பிள்ளைகள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் "பிசினஸ்" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் அவர்கள் என்ன கேட்பார்கள்? பேச்சு அங்கேயே படுத்துவிடும். உங்கள் மகளைக் களத்துக்குக் கூட்டிப் போங்கள். தேங்காய் உடைப்பதிலிருந்து காயப்போடுவது, பருப்பைத் தேங்காய்த் தொட்டியிலிருந்து பெயர்ப்பது, தரம் பிரிப்பது, மழை மேகம் கண்டால் எல்லாரும் ஓடிப்போய்த் தார்ப்பாய் மூடுவது வரை, உங்கள் போன் கேமராவைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லட்டும். முதல் நாள் ஒரு நிமிஷம் வராது. திருத்தாதீர்கள். வாரம் இரண்டு தடவை, அதே களம், அதே கதை. மூன்றாவது வாரம் அவளாகவே ஐந்து நிமிஷம் பேசுவாள். கொப்பரைக்கான 'கோப்ரா' என்ற இங்கிலீஷ் சொல்லே மலையாளத்துக் 'கொப்பர'தான், போர்த்துகீசியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மேசையில் அதைச் சொன்னால் பத்து நிமிஷம் அவள் பேச்சுதான் ஓடும். (இது பாம்பு 'கோப்ரா' இல்லை, தேங்காய்க் 'கோப்ரா' என்று விளக்குவதற்கே இரண்டு நிமிஷம் ஆகும். அதுவும் பேச்சுதானே.)

அப்புறம் போன். போன முறை ஒரு பெண் அம்மாவிடம் காலை அரை மணி, ஆத்தாவிடம் மாலை முக்கால் மணி, வீடியோவில் சாப்பிட்ட தட்டைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டார் ஹாலில் இருந்தார்கள். இவள் மாடியில் பெருந்துறையில் இருந்தாள். கோடையில் அவர்கள் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். தினம் ஒரு தடவை, பத்து நிமிஷம், அவர்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் என்று இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தாவைச் சமாதானப்படுத்துவது உங்கள் பாடு.

என் முடிவு: சிங்கப்பூர் வேண்டாம். இங்கிலாந்து என்றால், பல நாட்டுப் பிள்ளைகளோடு வகுப்போ உள்ளூர்ப் பள்ளியில் இரண்டு மூன்று நாளோ இருந்து, தங்குவதும் குடும்பத்தோடு என்றால் போகட்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். சீட்டை எடுத்துப் போகவேண்டிய அவசரம் எட்டாம் வகுப்புக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பிலும் இதே நோட்டீஸ் வரும், அதற்குள் களத்தில் பேசிப் பழகியிருப்பாள். முன்பணத்தைக் கட்டும் முன் மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பள்ளியில் கொடுத்து, பதிலையும் தாளில் வாங்குங்கள்.

பாஸ்போர்ட் மட்டும் போனாலும் போகாவிட்டாலும் இப்போதே எடுத்துவிடுங்கள். அவள் வயதுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், ஐந்து வருஷம் அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரை செல்லும். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும். பள்ளிச் சான்றில் இருக்கும் இனிஷியல் அதில் ஏறாது, விரித்து எழுதவேண்டும். ஆதாரில் என்ன எழுத்துக் கூட்டல் இருக்கிறதோ அதையே கொடுங்கள். ஓரெழுத்து மாறினாலும் விசா சமயத்தில் கோவை பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் காங்கேயத்துக்கும் நீங்கள்தான் அலையவேண்டியிருக்கும்.