ஐயோ என்றால் ‘வா, போகலாம்’!

இந்த இதழின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் இந்தோனேசியாவின் மேடான் நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வயது 27. இப்போது ஜகார்த்தாவில் தங்கி, வெளிநாட்டுப் படங்களுக்கு இந்தோனேசிய மொழியில் சப்டைட்டில் எழுதுகிறார். சமூகம், சினிமா, இனிப்பு மூன்றைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தோம். இனிப்புக்குத்தான் அதிகக் கடிதங்கள்.

அங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இவ்வளவு தமிழ் எப்படி வந்தது? (ஒரு வாசகர், சேலம்)

பாட்டியின் கண்புரையால் வந்தது. டச்சுக்காரர்கள் காலத்தில் வடக்கு சுமத்ராவின் டெலி பக்கம் பெரிய புகையிலைத் தோட்டங்கள் இருந்தன. அங்கே வேலை செய்யக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் நாங்கள். மேடானில் எங்கள் ஆட்கள் சேர்ந்து வாழ்ந்த இடத்துக்கு முன்பு கம்போங் கெலிங் என்று பெயர், இப்போது கம்போங் மெட்ராஸ். 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் பலருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது.

நானும் அப்படித்தான் இருந்தேன். பினாங்குக்குப் போய்வருகிறவர்கள் யாராவது பாட்டிக்குத் தமிழ் வார இதழ்கள் வாங்கி வருவார்கள். எனக்குப் பத்து வயதானபோது பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. தொடர்கதையை வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமே! எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். “அவன் அந்த வீட்டு வாசப்படி ஏறுறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடும்டி” என்பார்.

தமிழ்ப் படத்துக்கு சப்டைட்டில் எழுதுவதில் எது கஷ்டம்? (ஒரு வாசகி, மதுரை)

உறவுமுறைதான். கதாநாயகி கணவனை ‘மாமா’ என்று கூப்பிடுகிறாள். இந்தோனேசியாவில் ‘மாமா’ என்றால் அம்மா. பின்னணியில் வயலின் ஒலிக்க, மழையில் நனைந்தபடி மீசை வைத்த ஆளை அவள் “மாமா...” என்று அழைக்கும்போது இங்கே தியேட்டரில் சிரிப்பு கிளம்பிவிடும். திரையில் நான் ‘அபாங்’ என்று, அதாவது அண்ணன் என்று போடுவேன். இங்கே மனைவி கணவனை அப்படிக் கூப்பிடுவது சகஜம். ஆனால் காதில் விழுவதை என்னால் மாற்ற முடியாதே.

அடுத்தது ‘ஐயோ’. கிட்டத்தட்ட அதே ஒலியில் ‘ஆயோ’ என்று இந்தோனேசியச் சொல் ஒன்று உண்டு. ‘வா, போகலாம்’ என்று அர்த்தம். பிணத்தின் மேல் விழுந்து ஒரு தாய் “ஐயோ, ஐயோ” என்று அழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஐயோவுக்கு ‘அடூ’ என்று எழுதிவிட்டு, பார்க்கிறவர்கள் காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

சுலபமான வசனமும் இருக்கிறது. ‘சாப்பிட்டாயா?’ தமிழ்நாட்டில் அதை எதற்கெல்லாம் கேட்கிறீர்களோ, அதற்கெல்லாம் நாங்களும் ‘சூடா மாக்கான்?’ என்று கேட்கிறோம். அக்கறை, சமாதானம், காதல் எல்லாம் அதற்குள் அடங்கும். அப்படி ஒரு வரி வரும்போது எழுந்து போய் தேநீர் போட்டுக்கொள்வேன்.

இந்தோனேசியர்கள் என்ன படம் பார்க்கிறார்கள்? (கல்லூரி மாணவர், கோவை)

பேய்ப் படம். எந்த வாரம் தியேட்டருக்குப் போனாலும் ஒரு பேய் காத்திருக்கும். புதுப்படங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை வருகின்றன. வியாழன் இரவைத்தான் நாங்கள் ‘வெள்ளி இரவு’ என்போம், பேய் நடமாடும் இரவு என்றும் நம்புவோம். பேய்க்கும் விநியோகஸ்தருக்கும் ஒரே நல்ல நாள்!

2025-இல் ‘ஜும்போ’ என்ற அனிமேஷன் படம் ஒரு கோடிப் பார்வையாளர்களைத் தாண்டியபோது எனக்கு ஏக சந்தோஷம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அடுத்த மாதமே சுவரொட்டிகளில் மறுபடியும் தலைவிரி கோலம்.

எனக்குப் பேய் பயமில்லை, கோபம்தான் வருகிறது. எங்கள் பிரபலமான பேய் குந்திலானாக் யார்? கர்ப்பத்திலோ பிரசவத்திலோ செத்துப்போன பெண். எண்பதுகளில் சுசானா என்ற நடிகை இந்த மாதிரி வேடங்களில் நடித்து ‘பேய்ப்பட ராணி’ ஆனார். கதை ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடக்கும், அவள் செத்துப்போவாள், வெள்ளை உடுப்பில் வந்து ஒவ்வொருவனாகத் தீர்ப்பாள், தியேட்டர் கைதட்டும். உயிரோடு இருக்கும்போது அவள் போலீசில் புகார் கொடுத்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பார்கள். முடியாது. அதுதான் இன்னும் பெரிய பேய்ப் படமாக இருக்கும். பாலியல் வன்முறைக்கென்று தனிச் சட்டம் எங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022-இல்தான்.

ராமாயணம், மகாபாரதம் எல்லாம் அங்கே எப்படி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ஜாவாவில் நிழல்பொம்மைக் கூத்து வழியாக முஸ்லிம் வீடுகளிலும் அர்ஜுனன், பீமன் தெரியும். 2014-இல் இந்திய மகாபாரதத் தொடர் இங்கே டிவியில் ஓடியபோது அர்ஜுனனாக நடித்த ஷாஹீர் ஷேக்கைப் பார்க்கத் தெருவே திரண்டது.

ஆனால் ஐயா, உங்கள் கதையை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். ஜாவாக் கூத்தில் திரௌபதிக்கு ஒரே கணவன், தர்மன் மட்டும். அதைவிட எனக்குப் பிடித்தது சிகண்டி. பாட்டிக்கு என் மேல் கோபம் வந்தால் “சிகண்டி, சிகண்டி” என்று திட்டுவார். பள்ளியில் என்னடா என்றால் ‘ஸ்ரீகாண்டி’ என்றால் பெருமை! ஜாவாக் கதையில் அவள் பெண், வில் வீராங்கனை, அர்ஜுனனின் மனைவிகளில் ஒருத்தி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் வில்வித்தைப் பெண்கள் மூவர் அணி வெள்ளி வென்றது. இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அவர்களுக்குக் கிடைத்த பட்டமும் ‘மூன்று ஸ்ரீகாண்டிகள்’. இதை விளக்கியதற்கு பாட்டி, “சரி, அப்ப நீ வில்லைப் பிடி, வாயை மூடு” என்றார்.

கல்யாணம் எப்போது? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

நீங்களுமா? எங்கள் ஊரில் ‘காப்பான் நிக்கா?’ என்று கேட்பார்கள். பெருநாள், தீபாவளி, துக்க வீடு எதுவும் விதிவிலக்கில்லை.

ஜகார்த்தாவில் தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு எப்படி? (ஒரு தாய், திருச்சி)

‘கோஸ்’ என்று வாடகை அறை முறை இருக்கிறது. நான் இருப்பது பெண்கள் மட்டும் தங்கும் இடம். ஆண் விருந்தினர் வாசல் நாற்காலி வரைதான். என் தம்பிக்கும் அதே நாற்காலி. மின்சார ரயிலில் முதல் பெட்டியும் கடைசிப் பெட்டியும் பெண்களுக்கு. அங்கே யாரும் தப்பாகத் தொட மாட்டார்கள் என்பது உண்மை, ஆனால் இடத்துக்கு அடிதடி! முழங்கை, கைப்பை, குடை எதுவும் ஆயுதம்தான். மாலையில் பலமுறை பொதுப் பெட்டிக்கே ஓடியிருக்கிறேன்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில் இந்துவாக இருப்பது எப்படி இருக்கிறது? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

அடையாள அட்டையில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதனால் நீ யார் என்று யோசிக்கவே விடமாட்டார்கள். வலித்த நாட்களும் உண்டு. பள்ளியில் என் நிறத்தையும் எண்ணெய் வைத்த தலையையும் பற்றிப் பேசியவர்களை மறக்கவில்லை. அதில் மதத்துக்குப் பங்கு குறைவு.

ஆனால் நோன்பு மாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோன்பு திறக்கும் பலகாரங்களை ‘தக்ஜில்’ என்போம். பிற்பகலில் சாலையோரம் எல்லாம் கடை முளைத்துவிடும். 2024-இல் ‘தக்ஜில் போர்’ என்று நாடு முழுக்க ஒரு கேலி பரவியது. நோன்பு இருப்பவர்கள் களைத்துக் கிடக்க, நோன்பு இல்லாத எங்களைப் போன்றவர்கள் தெம்பாக மூன்று மணிக்கே போய் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறோமாம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தேங்காய்ப்பாலில் வாழைப்பழமும் பனைவெல்லமும் போட்ட கோலாக் இரண்டு பொட்டலம்.

உங்கள் ஊர் இனிப்புகளில் நாங்கள் அவசியம் சாப்பிட வேண்டியது எது? (பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள்)

முதலில் புட்டு. ஆமாம், புட்டுதான். ‘கூவே புத்து’ என்போம். சாயங்காலம் வண்டியிலிருந்து விசில் மாதிரி ‘ஙீ...’ என்று விடாமல் ஒரு சத்தம் வரும். அது ஆவி வெளியேறும் சத்தம். விற்பவர் கூவவே வேண்டாம். விரல் நீள மூங்கில் குழாயில், வாசனைக்குப் பாண்டான் என்ற இலை சேர்த்த பச்சை நிற அரிசிமாவு, நடுவில் பனைவெல்லம், மேலே துருவிய தேங்காய். பாட்டிக்கு இது பெரிய அக்கிரமம். “புட்டுக்குள்ள எதுக்குடி வெல்லத்தை ஒளிச்சு வச்சிருக்கான்?” என்று கேட்டுக்கொண்டே நான்கு சாப்பிடுவார்.

ஆப்பமும் இங்கே ‘அப்பேம்’ ஆகிவிட்டது. சின்னதாக, உப்பலாக, இனிப்பாக இருக்கும். நடு ஜாவாவில் ஜாத்தினோம் என்ற ஊரில் இஸ்லாமிய நாட்காட்டியின் சஃபர் மாதத் திருவிழாவில் மேடையிலிருந்து அப்பேம்களைக் கூட்டத்தின் மேல் வீசுவார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பீக்கா அம்போன் என்ற கேக்கை எங்கே வாங்குவீர்கள்? அம்போன் தீவில் தேடாதீர்கள், அது மேடான் பண்டம். உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள், மஞ்சள் நிறம், கொஞ்சம் புளித்த வாசனை. பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என்னிடம் “உண்மையில் நீ எந்த ஊர்?” என்று கேட்கிற சக ஊழியர்கள், இந்தக் கேக்கிடம் ஒரு தடவையாவது ஊரைக் கேட்டதில்லை. ஒரே மூச்சில் அரைப் பெட்டி காலியாகும்.

க்ளெப்போன் மட்டும் எச்சரிக்கையுடன். பச்சை உருண்டை, உள்ளே உருகிய வெல்லப்பாகு. முழுதாக வாயில் போட்டு உதட்டை மூடிய பிறகே கடிக்க வேண்டும். முதல் வேலை நேர்காணலுக்குப் போகும் வழியில் நான் பாதியாகக் கடித்தேன். வெள்ளைச் சட்டை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டே இருபது நிமிடம் பதில் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை.

இனிப்பு மர்த்தபாக்கைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். தடிமனான தோசைக்கல் கேக் என்று வையுங்கள். வெண்ணெய், சாக்லேட் தூள், வேர்க்கடலை, கண்டென்ஸ்டு மில்க், அதன் மேல் துருவிய சீஸ். இனிப்பில் சீஸா என்று முகம் சுளிக்காதீர்கள், உப்பு அங்கேதான் வேலை செய்கிறது. ஆனால் நான்கு துண்டுக்கு மேல் முடியாது.

இவ்வளவு இனிப்பு சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராதா? (ஒரு மருத்துவர்)

வரும், டாக்டர். ஜாவாவில் வெறுமனே ‘தே’ என்று கேட்டாலே பல இடங்களில் பாகு மாதிரி வரும். ‘தே தாவார்’, அதாவது சர்க்கரை போடாத தேநீர் என்று கேட்கப் பழகிவிட்டேன். புட்டு விசிலுக்குத்தான் இன்னும் மாற்று தெரியவில்லை.

வசனங்களை மொழிபெயர்க்கும் நீங்கள் சொந்தமாகக் கதை எழுதியதுண்டா? (ஒரு வாசகி, சென்னை)

ஒரே ஒரு தடவை, எழுதாமல். பாட்டி உயிராகக் கேட்ட தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வந்த இதழ் பினாங்கிலிருந்து வரவே இல்லை. மூன்று வாரம் சமாளித்தேன். அப்புறம் வேறொரு பழைய இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு நானே முடிவு சொன்னேன். நாயகியைப் படிக்க வைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, அந்த மாமியாரைக் காசிக்கு அனுப்பினேன். பாட்டி கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா எப்பவும் திக்கித் திக்கிப் படிப்பே, இன்னிக்கு மட்டும் என்னடி ஆறு மாதிரி ஓடுது?”