தூண்டிலுக்கு ஒரு கட்சி

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறவர்களுக்குத் தனிக் கட்சியே உண்டாமே! இதற்கெல்லாமா கட்சி?

பதில்: இருந்தது, அதுவும் ஒன்றல்ல. ‘ஃபிஷிங் பார்ட்டி’ என்ற பெயரிலேயே ஒன்று தேர்தலில் நின்றது. குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பக்கம் ‘ஆஸ்திரேலியன் ஃபிஷிங் அண்ட் லைஃப்ஸ்டைல் பார்ட்டி’ என்று இன்னொன்று இருந்தது. தக்கையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அரசியல் எதற்கு என்று எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் 2004-ல் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுக் கடல் பூங்காவில் மீனே பிடிக்கக் கூடாத பகுதியைச் சுமார் 4.5 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்கினார்கள், 2009-ல் பிரிஸ்பேனை ஒட்டிய மோர்ட்டன் விரிகுடாவில் 16 சதவீதத்தை மூடினார்கள். அப்பா காலத்திலிருந்து படகு நிறுத்திய இடத்தில் திடீரென்று அபராதம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? வயல்களிலிருந்து வரும் உரத்தையும் மண்ணையும் விட்டுவிட்டு ஒற்றை முள்ளோடு வருகிற எங்களைப் பிடிப்பதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மூடிய பகுதிகளில் கோரல் ட்ரவுட் மீன் பெருகியிருப்பதும் உண்மை, அதை இந்தக் கட்சிக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

கேள்வி: சரி, இவர்களுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? டெபாசிட்டாவது மிஞ்சுமா?

பதில்: அங்கே கணக்கே வேறு. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேலவையில் 42 இடம், ஒவ்வொரு தேர்தலிலும் 21 இடத்துக்கு வாக்கெடுப்பு. மாநிலம் முழுக்கச் சேர்த்து நாலரை சதவீதம் போல வாங்கினால் ஓர் இடம். ஒருவர் தோற்றால் அவருக்கு விழுந்த ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். 1999-ல் 264 வேட்பாளர்கள் நின்றதில் வாக்குச்சீட்டு மேசை விரிப்பு அளவுக்கு ஆகிவிட்டது. ‘அவுட்டோர் ரெக்ரியேஷன் பார்ட்டி’யின் மால்கம் ஜோன்ஸ் நேரடியாக வாங்கியது வெறும் 0.2 சதவீதம், மற்ற குட்டிக் கட்சிகளின் ஓட்டெல்லாம் வழிந்து வந்து சேர்ந்து ஜெயித்தார்! அப்புறம் விதியை மாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மீனை மட்டும் வைத்து நிலைத்து நிற்க முடியவில்லை, துப்பாக்கிக்காரர்களால் முடிந்தது. 1992-ல் தொடங்கிய ‘ஷூட்டர்ஸ் பார்ட்டி’ 2009-ல் மீன்பிடிப்பவர்களையும் 2016-ல் விவசாயிகளையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. 2011-ல் மாநில அரசுக்கு மேலவையில் பெரும்பான்மை இல்லை, இவர்களிடம் இருந்ததோ இரண்டே இரண்டு ஓட்டு, ஆனால் அரசுக்கு அது தேவைப்பட்டது. புதிய கடல் பூங்காக்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்த வருஷம் மின் நிலையங்களை விற்கும் சட்டத்துக்குக் கைதூக்கினார்கள், பதிலுக்குத் தேசியப் பூங்காக்களில் வேட்டைக்கு அனுமதி தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. பேரம் என்று வந்தால் துப்பாக்கிக்குத்தான் முதல் பந்தி போல. 2016-ல் ஆரஞ்ச் தொகுதி இடைத்தேர்தலில் மறு எண்ணிக்கைக்குப் பின் 50 ஓட்டு வித்தியாசத்தில் கீழவைக்குள்ளும் நுழைந்தார்கள், 2019-ல் அது மூன்று இடமானது. 2022 முடிவதற்குள் அந்த மூன்று பேரும் கட்சியை விட்டே போய்விட்டார்கள்!

கேள்வி: அப்படியென்றால் வலை போடும் மீனவர்களுக்கும் இதுதான் கட்சியா?

பதில்: நல்லா கேட்டீங்க போங்க. கடலில் இவர்களுக்கு முதல் சண்டையே வலைக்காரர்களோடுதான். நியூ சவுத் வேல்ஸில் 2001-ல் கடலில் தூண்டில் போடுவதற்கும் உரிமக் கட்டணம் வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தொழில்முறை மீனவர்களின் உரிமங்களை வாங்கி, லேக் மக்குவாரி, பாட்டனி பே உட்பட 30 இடங்களைத் தூண்டில்காரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். வலையை நம்பிப் பிழைத்தவர்கள் ஈடு வாங்கிக்கொண்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கென்று கட்சி தொடங்க யாரும் வரவில்லை, எனக்கு உறுத்துவது அதுதான்.

பசுமைக் கட்சியோடு இவர்களுக்கு ஜென்மப் பகை. ஆனால் 2012-ல் 142 மீட்டர் நீளமுள்ள ராட்சத இழுவலைக் கப்பல் ஒன்று 18,000 டன் மீனை அள்ள வந்தபோது தூண்டில்காரர்களும் பசுமைக்காரர்களும் ஒரே பக்கம் நின்று கத்தினார்கள். கப்பல் வந்த வழியே திரும்பிப் போனது. மறுநாளே பழையபடி சண்டை தொடங்கிவிட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?