ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு செல், திசு, உறுப்பு பாடத்தை எப்படிப் புரிய வைப்பது?

மகள் வரிசையைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறாள், திசு என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒன்பதாவதில் அப்படித்தான் இருந்தேன். எனக்குப் புரிந்த இடம் காசிமேடு, அம்மாவின் அரிவாள்மனைக்குப் பக்கத்தில்.

அம்மா மீன் வெட்டிக் கொடுப்பவர். பரீட்சைக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வஞ்சிரத்தின் செவுளைப் பிடுங்கிப் போட்டார். கையில் எடுத்துப் பிரித்தேன். சீப்புப் பல் மாதிரி சிவப்பு இழைகள். அந்த இழைமேல் மெல்லிய செல்கள் பாய் விரித்தது போல ஒட்டி நிற்கின்றன. இப்படி ஒரே வேலைக்காகச் சேர்ந்து நிற்கும் செல் கூட்டம்தான் திசு. மேலே போர்த்துகிற இந்த வகைக்குப் பெயர் எபிதீலியத் திசு. அதன் அடியில் ஓடும் ரத்தம் இணைப்புத் திசு, அதாவது உடலின் பாகங்களை இணைக்கிற, தாங்குகிற வகை. ஆமாம், ரத்தமும் திசுதான். தாங்கிப் பிடிக்க எலும்பு வளைவு, அசைக்கத் தசை, கூடவே நரம்பு. இத்தனையும் சேர்ந்ததுதான் செவுள் என்ற உறுப்பு. தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜன் ரத்தத்துக்குப் போக அந்த விரிப்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும். அதே செல்களைக் குவியலாகக் கொட்டி வைத்தால் மீன் மூச்சுவிட முடியாது.

குழம்பு மீன் ஏன் ஏடு ஏடாகப் பிரிகிறது என்றும் மகளிடம் கேளுங்கள். சதை தசைத் திசு. ஏடுகளுக்கு நடுவே இருப்பது இணைப்புத் திசு; அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் சூட்டில் ஜெலட்டினாக இளகிவிடுகிறது.

செவுளில் இன்னும் பல வகை செல் உண்டே என்று படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உண்டு, உப்பை வெளியேற்றுகிற செல்கள்கூட இருக்கின்றன. ஒன்பதாவது பிள்ளைக்கு முதலில் இது போதும். மீன் தொடாத வீடு என்றால் வெங்காயத்தின் உள்தோலை உரித்துக் காட்டுங்கள். அதில் செல்கள் ஒரே அடுக்குதான்.

அந்தப் பரீட்சையில் உறுப்புக்கு உதாரணமாகச் செவுள் என்று எழுதினேன். புத்தகத்தில் இதயம்தானே இருக்கிறது என்று மார்க் போடவில்லை. இருபது வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. செவுள் உறுப்புதான், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்னொன்று. ஆயிரம் ரூபாய்க்கு மீன் வாங்குகிறவர்கள், வெட்டுகிற அம்மாக்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். செதில் கீறி அம்மாவின் விரல்களில் ரேகையே இல்லை. தயவுசெய்து கேட்டதைக் கொடுங்கள்.

செவுளுக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். கழுவி, வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். இழைகள் தானாக விரியும்.