திரையில் ஒன்றுமில்லை, ஆனாலும் பிடித்து நடத்துகிறது

நான் மண்டபத்துக்காரன். ஒன்பது வருஷமா வீடியோ கேம்களுக்குத் திரை வடிவமைக்கிற வேலை. கேம் நம்மளை எப்படித் தெரியாமலே நடத்துதுன்னு வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

கீழக்கரையில் இருந்து: அண்ணே, டெட் ஸ்பேஸ் ஆடினேன். திரை ஓரத்துல உயிர்க்கோடு, தோட்டாக் கணக்கு எதுவுமே இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?

இடம் மாத்திட்டாங்க தம்பி. 2008ல வந்த அந்த கேம்ல உயிர் எவ்வளவு மிச்சம்ங்கிறது நாயகனோட முதுகுத்தண்டுல ஒளிக்கோடா எரியும். தோட்டா எண்ணிக்கை துப்பாக்கி மேலயே மிதக்கும். பையைத் திறந்தாலும் ஆட்டம் நிக்காது, எதிரி பாட்டுக்கு வந்துக்கிட்டே இருப்பான். தகவல் அத்தனையும் இருக்கு. யாரோ உட்கார்ந்து செஞ்ச திரைங்கிற நினைப்புதான் நமக்கு வராது.

பாம்பனில் இருந்து: ஓப்பன் வேர்ல்டு கேம்ல நான் நினைச்ச பக்கம் போறேனே. அதுல என்ன கட்டுப்பாடு?

கரையில நின்னு இழுக்கிற நம்ம கரைவலையை நினைச்சுப் பாரு. மீன் வந்து சேருற பையான மடிக்கு ரெண்டு பக்கமும் நீளுற வலையில கண்ணி பெருசு, பல மீன் நுழைஞ்சே போயிரலாம். போகாது. கயிறும் வலையும் அசையுற மிரட்சியில ஒதுங்கி ஒதுங்கி மடிக்கு வந்துரும். கேம்ல அந்த வேலையைத் தூரத்து வெளிச்சமும், ஏறச் சொல்ற விளிம்புல அடிச்ச மஞ்சள் பெயின்ட்டும் செய்யும். கோஸ்ட் ஆஃப் சுஷிமால (2020) வழிகாட்டுறதே காத்துதான். கையில பிடிக்கிற கன்ட்ரோலர்ல இருக்கிற டச்பேடைத் தடவினா போக வேண்டிய பக்கம் காத்து வீசும், புல்லு சாயும். வாடைக்காத்து, கச்சான்காத்து பார்த்து படகு எடுக்கிற வீட்டுப் பிள்ளை உனக்கு அது இயல்பாத்தான் தோணும். ஆனா நம்ம கடல்காத்துக்கு உன்னை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கணும்ங்கிற எண்ணம் கிடையாது. கதைக்காக இப்படி நடத்துறது எனக்குத் தப்பாப் படல. நானும் செஞ்சிருக்கேன்.

மண்டபத்தில் இருந்து: சாகப்போற நேரத்துல எதிரி குறையுறானே, அதிர்ஷ்டமா?

பல கேம்ல அது அதிர்ஷ்டம் இல்ல. ரெசிடென்ட் ஈவில் 4 (2005) நீ திணறினா தளர்த்தும், நல்லா ஆடினா இறுக்கும். உன்கிட்ட சொல்லாது.

தங்கச்சிமடத்தில் இருந்து: பையன் போன்ல கேம் எடுத்தா சோத்துக்குக் கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்கிறான் தம்பி. அவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?

இல்லக்கா. திட்டுறதுக்கு முன்னாடி அந்தப் போனை வாங்கி மேல்பக்கத்தைப் பாருங்க. மணி தெரியாது, பேட்டரி தெரியாது. 2013ல ஆண்ட்ராய்டு 4.4ல இந்த மறைக்கிற வசதி வந்தப்ப அதுக்கு வச்ச பேரே இம்மெர்சிவ் மோடு, அதாவது மூழ்க வைக்கிற முறை. கடிகாரமும் சேர்ந்து மூழ்கிருச்சு. ஒரு ஆட்டம் முடிஞ்சதும் அடுத்ததுக்குப் பெரிய பொத்தான் பளபளன்னு நிக்கும், வெளியேறுற வழி மூலையில சின்னதா கிடக்கும். உங்க ரூபாய் உள்ளே போனதும் வைரமா மாறிரும், செலவழிச்சது உறைக்கவே உறைக்காது. பச்சைப்பிள்ளைகிட்ட இதைச் செய்யுறதைத்தான் என்னால பொறுக்க முடியல. அவன் எதிர்க்க ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டுங்க. "இது முடிஞ்சதும் சோறு"ன்னு ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. நடுவுல எந்திரிச்சா கூட ஆடுற பயலுகளும் தோப்பாங்க, அந்தச் சங்கடமும் அவனுக்கு இருக்கு.

ஏர்வாடியில் இருந்து: கேம் நம்மளை இப்படி நடத்துறதை நாமளே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கேம்ல ஒரு இடத்துல ஒண்ணும் செய்யாம ரெண்டு நிமிஷம் நில்லு. கூட வர்றவன் கூப்பிடுவான், இல்லேன்னா எங்கேயாவது ஒரு விளக்கு மினுங்கும். எது முதல்ல உன்னை நகரச் சொல்லுதுன்னு எழுதி அனுப்பு, அது எப்படி வேலை செய்யுதுன்னு அடுத்த தடவை பிரிச்சுக் காட்டுறேன்.