அம்மாவின் ரிமோட்டில் கை வைக்காதீர்கள்

கேள்வி: சீரியல், ரியாலிட்டி ஷோ என்று நாடே மூளையை அடகு வைத்துவிட்டது. என் அம்மா மாலை 6 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் 10 மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். 7 வயது மகனும் அவரோடு உட்கார்ந்துகொள்கிறான். பொழுதுபோக்கு ஜனங்களை மழுங்கடிக்கிறது என்று நீங்களாவது ஓங்கிச் சொல்லக் கூடாதா?
- வாசகர் ஒருவர், மணப்பாறை

பதில்: சொல்ல மாட்டேன். ஒரே பெட்டிதான் என்றாலும் அது அம்மாவுக்குச் செய்வது வேறு, பேரனுக்குச் செய்வது வேறு.

2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார் உள்ளிட்ட மாநிலங்களில் பெண்களிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேசித் திரட்டிய விவரங்களை வைத்து, ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த இடைவெளியில் கேபிள் வந்து சேர்ந்த கிராமங்களில், புருஷன் பெண்டாட்டியை அடிப்பதில் தப்பில்லை என்று சொல்கிற பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணம் தளர்ந்தது, வீட்டு விஷயங்களில் பெண்களின் பேச்சு எடுபட ஆரம்பித்தது. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் நீங்கள் திட்டுகிற அதே மாதிரி சீரியல்கள்தான்! கடைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒருத்திக்கு, வேலைக்குப் போகிற, எதிர்த்துப் பேசுகிற பெண்ணைத் தினமும் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, பையனுக்கு வருவோம். இத்தாலியில் 1980-களில் பெர்லுஸ்கோனி என்ற தொழிலதிபரின் டிவி சேனல்கள் சில ஊர்களுக்கு முதலிலும் சில ஊர்களுக்குப் பிறகும் போய்ச் சேர்ந்தன. கார்ட்டூன், சினிமா, தொடர்கள், விளையாட்டு என்று முழுக்கப் பொழுதுபோக்கு. செய்தி என்பதே 1991 வரை கிடையாது. சின்ன வயதிலேயே அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், பெரியவர்கள் ஆன பிறகு எழுத்தறிவு, கணக்குத் தேர்வுகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்று 2019-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி டிவியில் தெளிவாகக் கிடைத்த பகுதிகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மேலே வந்தார்கள். அதுவும் டிவிதான், அதிலும் பாட்டும் பொம்மையும்தான். ஆனால் எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

ஆக, பெட்டியில் என்ன ஓடுகிறது என்பது பாதி, அது எதைப் பிடுங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதி. உங்கள் அம்மா நாளெல்லாம் உழைத்துவிட்டு உட்காருகிறவர், அவரிடமிருந்து அது பிடுங்கியது அதிகம் இருக்காது. ஆனால் ஏழு வயதுப் பையனின் மாலை நேரம் என்பது கதை கேட்கிற, தெருவில் ஓடுகிற, எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகுகிற, 'ஏன் ஏன்' என்று நச்சரிக்கிற நேரம். தினம் நாலு மணி நேரம் அதில் போவது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. அந்த நாலு மணி நேரமும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அம்மா பார்க்கட்டும், விடுங்கள். மகனை மட்டும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.