ஒத்திகை முடிந்தாலே மகனுக்குத் தொண்டை கட்டுகிறது என்றவருக்கு

மகனுக்கு 14 வயது, இளையோர் நாடகக் குழுவில் ஒவ்வொரு ஒத்திகைக்கும் பிறகு தொண்டை கட்டிக்கொள்கிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள் சார். குரல் உடையும் வயது அது. கத்தினால் தொண்டைதான் அடிவாங்கும். புரிசை கிராமத்துத் தெருக்கூத்துக் கலைஞர்கள் விடிய விடியப் பாடுவது அடிவயிற்று மூச்சில். வீட்டில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். அது ஏறி இறங்க மூச்சுவிட்டு வசனம் சொல்லட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் பலரும் வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். அதை முழுசாகச் சொன்னாலே கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும், கத்தவே வேண்டாம். தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசுவதும் கூடாது, அதுவும் சிரமம்தான். அன்றைக்கு வசனமில்லாமல் அசைவுகளை மட்டும் செய்ய விடும்படி பயிற்றுநரிடம் நேரில் கேளுங்கள். மூன்று வாரமாகியும் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.