இரண்டு மலை சைக்கிள், ஸ்கீ, கூடாரம் ஏற்றிச் செல்ல எந்தச் சிறிய விமானம் வாங்கலாம்?

கேள்வி: நானும் மனைவியும் வடக்குக் கலிபோர்னியாவில் இருக்கிறோம். தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டேன். கோடையில் மலை சைக்கிள், குளிர்காலத்தில் ஸ்கீ என்ற பனிச்சறுக்கு, இடையில் கூடாரமும் கயாக் படகும். வார இறுதிகளில் இவற்றை ஏற்றிக்கொண்டு பறக்கப் பழைய விமானம் ஒன்று வாங்க நினைக்கிறோம். எதை வாங்கலாம்?

பதில்:

முதலில் கதவைப் பாருங்கள். எஞ்சின், வேகம், முகப்பில் மின்னும் திரைகள் எல்லாம் அதற்குப் பிறகு.

சாக்ரமெண்டோ பக்கம் நண்பர்கள் சிலரோடு பங்கு போட்டு ஒரு செஸ்னா 182 வைத்திருக்கிறேன். விமானம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இருக்கைகளை எண்ணுகிறார்கள், வேகத்தைக் கேட்கிறார்கள், கதவின் அகலத்தை மட்டும் கேட்பதில்லை. உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் சைக்கிள் கதவு வழியாகத்தானே போக வேண்டும்? மூனி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த பெட்ரோலில் வேகமாகப் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் சாமான் கதவு சிறியது, உடலின் மேற்பக்கமாக வேறு இருக்கிறது. கிணற்றுக்குள் குடத்தை இறக்குவது போல ஒவ்வொன்றாக மேலிருந்து இறக்க வேண்டும். சிரஸ் விமானத்தின் பின் இருக்கைகள் மடங்கும். இருந்தாலும் அதன் சாமான் கதவும் சூட்கேஸை மனத்தில் வைத்துச் செய்ததுதான்.

நீங்கள் இருவர் மட்டும் என்றால் ஆறு இருக்கை விமானம் தேவையில்லை. பின் இருக்கையைக் கழற்றிவிட்ட நான்கு இருக்கை விமானமே போதும். இதில் மூன்றைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது செஸ்னா 182. 230 குதிரைத்திறன், உயரத்தில் இறக்கை, சாமான் பகுதிக்குத் தனிக் கதவு. கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து 1,100 பவுண்டு ஏற்றலாம் என்று உங்களுக்குக் கிடைக்கும் விமானத்தின் தாளில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விமானப் பெட்ரோல் ஒரு கேலன் 6 பவுண்டு. தொட்டியில் 87 கேலன் நிரப்பினால் 522 பவுண்டு போய்விடும். நீங்கள் இருவரும் உடையோடு 330 பவுண்டு என்றால் மீதி 248. இரண்டு மலை சைக்கிள் 60, கூடாரம், தூக்கப் பை, சமையல் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 100. இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குத் தொட்டியை நிரப்பவே வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் தாராளம்.

இரண்டாவது, பலரும் மறந்துவிட்ட செஸ்னா 177 கார்டினல். இறக்கையைத் தாங்கும் சாய்கம்பி இதில் கிடையாது. கதவுகள் ஏறக்குறைய நான்கடி அகலம், முழுவதுமாக விரியத் திறக்கும், உடலும் தரைக்கு அருகில் இருக்கிறது. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்காமல் ஏற்ற முடிகிற செஸ்னா என்றால் இதுதான். 1968இல் வந்த முதல் மாடலின் 150 குதிரைத்திறன் மலைப்பகுதிக்குப் போதாது. 180 குதிரைத்திறன் கொண்ட 177பி தேடுங்கள். சக்கரம் உள்ளிழுக்கும் மாடல் வேண்டாம். மடங்கிய சக்கரத்துக்கான மேடு சாமான் இடத்தின் தரையைத் தின்றுவிடுகிறது.

மூன்றாவது க்ரம்மன் டைகர். மேற்கூரை பின்னோக்கி நகரும், பின் இருக்கைகள் மடங்கிச் சமதளமாகும். ஸ்கீ, நீளமான பைகள் எல்லாம் மேலிருந்தே வைத்துவிடலாம். மழையில் ஏற்றினால் விமானமும் சேர்ந்து நனையும் என்பது ஒன்றுதான் குறை.

சைக்கிள் ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரப் படங்களில் இது வராது. இரண்டு சக்கரங்களையும், பெடல்களையும் கழற்றிவிடுங்கள். ஹேண்டில்பாரைச் சட்டகத்துக்கு இணையாகத் திருப்புங்கள். 29 அங்குலச் சக்கரத்தை டயரோடு அளந்தால் முக்கால் மீட்டர் இருக்கும், அதனால் சக்கரங்களைத் தனியாக நிறுத்தித்தான் வைக்க முடியும். சட்டகத்தை கியர் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவையுங்கள். இல்லையென்றால் கியர் மாற்றும் கொக்கி வளைந்துவிடும், சங்கிலி எண்ணெய் தரைவிரிப்பில் ஊறிவிடும். இரண்டாவது சட்டகத்துக்கும் முதல் சட்டகத்துக்கும் நடுவில் ஒரு பழைய கம்பளி. கடைசியாகத் தரையில் உள்ள வளையங்களில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வலை மட்டும் போதாது. மலைக்காற்றில் விமானம் திடீரென்று கீழே விழுந்து எழும்போது கட்டாத சைக்கிள் கூரையில் மோதும், பிறகு உங்கள் பின்னந்தலையில்.

நண்பர்களும் சேர்ந்து நான்கு பேர், நான்கு சைக்கிள் என்று போனால் கதை வேறு. அப்போது இரண்டு பெயர்தான் வரும்: பைப்பர் செரோக்கி சிக்ஸ், செஸ்னா 206.

செரோக்கி சிக்ஸ் 1965 முதல் 1979 வரை தயாரானது. 300 குதிரைத்திறன் மாடலின் மொத்த எடை வரம்பு 3,400 பவுண்டு. நல்ல நிலையில் உள்ளது 1,500 பவுண்டுக்கு மேல் ஏற்றும். பின்பக்கம் இடது புறத்தில் தனிக் கதவு. எஞ்சினுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் 100 பவுண்டு பிடிக்கும் ஒரு சாமான் அறையும் உண்டு. அந்த மூக்கு அறைதான் இந்த விமானத்தின் அருமை. கனமான கருவிப் பெட்டி, தண்ணீர், டின் உணவு எல்லாவற்றையும் முன்னால் போட்டால் பின்னால் இருக்கும் சைக்கிள்களின் எடை சமனாகிவிடுகிறது. 206 அளவுக்கு விலையும் இல்லை. என்னைக் கேட்டால் குடும்பத்தோடு முகாம் போகிறவர்களுக்கு இதைவிட நியாயமான பழைய விமானம் கிடையாது.

206இன் கவர்ச்சி அதன் வலது புற இரட்டைச் சரக்குக் கதவு. ஏறக்குறைய மூன்றரை அடி அகலம், சைக்கிளை அப்படியே உருட்டி ஏற்றத் தோன்றும். இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். முதலாவது, விளம்பரத்தில் 206 என்று மட்டும் போட்டிருந்தால் யு206 தானா என்று கேளுங்கள். 1965 முதல் 1970 வரை வந்த பி206இல் இந்த இரட்டைக் கதவு கிடையாது. இரண்டாவது, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற பலகை கீழே இறங்கியிருந்தால் அது சரக்குக் கதவின் முன்பாதியை இடிக்கும். முன்பாதி திறந்தால்தான் பின்பாதியின் கைப்பிடி கைக்கு எட்டும். யு206இன் முன்பக்கத்தில் வலது கதவே கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மிதவை பொருத்திய 206கள் நீரில் கவிழ்ந்து, பின்னால் இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் இறந்திருக்கிறார்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இதனால் 206 வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். பின்னால் உட்காருகிறவருக்கு அந்தக் கதவைத் திறக்கும் முறையைக் கையைப் பிடித்துக் காட்டாமல் புறப்படாதீர்கள்.

பொனான்சா ஏ36 என்ற ஆறு இருக்கை விமானத்தைப் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். அதிலும் வலது பக்கம் அழகான இரட்டைக் கதவு, வேகமும் அதிகம். சிக்கல் எடையில் இல்லை, எடை எங்கே போய் உட்காருகிறது என்பதில் இருக்கிறது. பின்பகுதியில் சாமான் சேர்ந்தால் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமனாகும் புள்ளி, பின்னால் நகரும். ஏ36இல் எரிபொருள் இறக்கையின் முன்விளிம்பில் இருப்பதால் அது எரிய எரிய மையம் மேலும் பின்னால் போகும். புறப்படும்போது வரம்புக்குள் இருந்த விமானம் இறங்கும்போது வரம்பைத் தாண்டியிருக்கலாம். அதனால் கணக்கை இரண்டு முறை போட வேண்டும், ஒன்று புறப்பாட்டுக்கு, ஒன்று தரையிறக்கத்துக்கு. மற்ற விமானங்களுக்கும் இந்தப் பழக்கம் நல்லது.

ஈர்ப்பு மையம் வரம்பைத் தாண்டிப் பின்னால் போனால் விமானம் மூக்கைத் தூக்கும், தடுமாறும், மீட்பது கடினம். 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேர் இறந்த விபத்து நினைவிருக்கலாம். அது செஸ்னா 402, படப்பிடிப்பு முடிந்து ஆட்களும் கருவிப் பெட்டிகளுமாகப் புறப்பட்டது. எடை வரம்பைப் பல நூறு பவுண்டு தாண்டியிருந்தது, மையமும் வரம்புக்குப் பின்னால் போயிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. ஓடுபாதையைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே விழுந்துவிட்டது.

உயரத்தையும் கணக்கில் சேருங்கள். வடக்குக் கலிபோர்னியாவின் சியரா மலைப்பகுதியில் இருக்கும் ட்ரக்கி விமான நிலையம் ஏறக்குறைய 5,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாதப் பிற்பகலில் 30 டிகிரி வெயில் அடித்தால், காற்றின் அடர்த்தி 9,000 அடியில் இருப்பது போல ஆகிவிடும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் பலத்தில் கால்பங்கை இழந்திருக்கும். இதனால்தான் செஸ்னா 172ஐப் பட்டியலில் சேர்க்கவில்லை. இருவருக்கும் இரண்டு சைக்கிளுக்கும் எடை அனுமதி அதில் இருக்கலாம். சூட்டில், மலை சூழ்ந்த இடத்தில், அந்த எடையோடு மேலே ஏறும் பலம் இருக்காது. ஐடஹோவின் ஜான்சன் கிரீக் மாதிரி புல் ஓடுபாதையில் இறங்கிக் கூடாரம் போடும் ஆசை இருந்தால் அதிகாலையில் புறப்படும் பழக்கத்தையும் விமானத்தோடு சேர்த்து வாங்க வேண்டியதுதான்.

ஸ்கீக்காக மட்டும் விமானம் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். ஸ்கீ ஏற்றுவது சுலபம், 180 சென்டிமீட்டர் பலகையை இருக்கைகளுக்கு நடுவில் நீட்டிவிடலாம். ஆனால் பனி நன்றாக விழும் நாட்களில்தான் சியரா மலை மேல் மேகமும் நிற்கும். இங்கே சொன்ன விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கையில் படியும் பனிக்கட்டியை நீக்கும் வசதி கிடையாது. கார்தான் போகும்.

கயாக் விஷயத்தில் விமானத்தை மாற்றாதீர்கள், கயாக்கை மாற்றுங்கள். காற்று ஊதி விரிக்கும் பேக்ராஃப்ட் என்ற சிறு படகு மூன்று நான்கு கிலோதான், முதுகுப்பைக்குள் அடங்கும். அலாஸ்காவில் மிதவை விமானங்களின் வெளியே படகைக் கட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும், நீங்களாகக் கட்டிக்கொண்டு போக முடியாது. சைக்கிளிலும் அப்படித்தான். மலையேற்றப் பாதை வேண்டாம், ஊருக்குள் சுற்றினால் போதும் என்றால் இரண்டு பிராம்ப்டன் மடக்குச் சைக்கிள் பின் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடும். அப்போது மேலே எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானை எக்காரணம் கொண்டும் கேபினுக்குள் வைக்காதீர்கள். கசிந்தால் விமானிக்குக் கண் தெரியாது. மின்சார சைக்கிள் என்றால் பாட்டரியைக் கழற்றி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், மற்ற சாமான்களுக்கு அடியில் புதைக்க வேண்டாம்.

வாங்கப் போகும்போது விளம்பரத்தில் போட்ட சுமை எண்ணை நம்பாதீர்கள். பல விமானங்களில் அது பழைய தாளில் இருந்து எடுத்தது. நடுவில் தோல் இருக்கை, புது ரேடியோ, கூடுதல் ஒலித்தடுப்பு எல்லாம் ஏறியிருக்கும். கடைசியாக எடை போட்ட தாளைக் கேளுங்கள். சைக்கிள்களைக் காரில் போட்டுக்கொண்டு விற்பவரின் விமானக் கொட்டகைக்கே போங்கள், ஏற்றிப் பாருங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. 200 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின் என்றால் பயிற்றுநரிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். 182, செரோக்கி சிக்ஸ், 206 மூன்றுக்கும் இது பொருந்தும். உரிமம் புதிது என்பதால் இன்சூரன்ஸ் கட்டணம் விமானத்துக்கு விமானம் நிறைய வேறுபடும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விலை கேட்டுவிடுங்கள்.